மனசு சரியில்லாதபோது யாரிடம் போவது, போனால் என்ன நடக்கும்: மதுரைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஏ.வி. பாலத்தில் யானைக்கல் பக்கமிருந்து கோரிப்பாளையம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஆறு மணி, வழக்கமான நெரிசல். முன்னால் டவுன் பஸ், பக்கத்தில் ஷேர் ஆட்டோ, பின்னால் ஓயாத ஹாரன். திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. மூச்சு உள்ளே போகிறது, ஆனால் பத்தவில்லை. இதோ விழுந்து சாகப்போகிறேன் என்று நிச்சயமாகத் தோன்றியது. ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். ஓர் ஆட்டோக்காரர்தான் தண்ணீர் கொடுத்து, "அண்ணே, நெஞ்சு வலியா? ஏறுங்க" என்று ஓர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார்.

இ.சி.ஜி. நார்மல். கேஸ் டிரபிள் என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த நான்கு மாதத்தில் இன்னும் மூன்று இ.சி.ஜி., ஒரு எக்கோ, ஒரு டிரெட்மில். எல்லாமே நார்மல். இதற்கிடையில் நான் அந்தப் பாலத்தில் ஏறுவதையே விட்டுவிட்டேன். கீழமாசி வீதிக் கடையிலிருந்து வீட்டுக்குப் போக ஓபுளா படித்துறைப் பாலத்தைச் சுற்றிப் போவேன். யாராவது கேட்டால், "அந்தப் பக்கம் டிராபிக் கம்மி" என்பேன். கடைசியில் நர்ஸாக வேலை பார்க்கும் என் மதினிதான் சொன்னார்: "தம்பி, நெஞ்சுக்கு எல்லாம் பார்த்தாச்சுல்ல. ஒரு தரம் மனநல டாக்டரையும் பாத்துருங்க."

அந்த ஒரு வார்த்தைக்கு நான் மூன்று வாரம் மதினியோடு சரியாகப் பேசவில்லை. என்னைப் பைத்தியம் என்கிறாரே என்று கோபம். அப்புறம்தான் போனேன். போன பிறகு தெரிந்ததை, போவதற்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதனால் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, வியாபாரி. சிகிச்சை எடுத்தவன் என்கிற தகுதி மட்டும்தான்.

படி 1: இது சாதாரணக் கவலையா, அதற்கு மேலா?

வியாபாரம் படுத்தால் கவலை வரும். வீட்டில் சாவு விழுந்தால் துக்கம் வரும். அதெல்லாம் நோய் இல்லை. மருத்துவர்கள் பார்ப்பது மூன்று விஷயங்களை: எத்தனை நாளாக இருக்கிறது, எவ்வளவு பலமாக இருக்கிறது, அன்றாட வேலையைக் கெடுக்கிறதா.

மனச்சோர்வுக்கு அவர்கள் வைத்திருக்கும் குறைந்தபட்சக் கணக்கு இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் பெரும்பாலான நாட்களில் மனசு கனத்துக் கிடக்கிறது, அல்லது முன்பு பிடித்த எதுவும் பிடிக்கவில்லை. இதோடு தூக்கம் கெட்டுப்போவது, பசி போவது, காரணமில்லாத அசதி, கவனம் நிற்காதது, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்கிற எண்ணம், சாவைப் பற்றிய நினைப்பு இவற்றில் பலவும் சேர்ந்தால் அது வெறும் கவலை அல்ல. பிஎச்க்யூ-9 என்று ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தை நினைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 27. 10-ஓ அதற்கு மேலோ வந்தால் ஒரு டாக்டரைப் பார்ப்பது நல்லது. ஒன்பதாவது கேள்வி சாவு எண்ணம் பற்றியது. அதற்கு 0 தவிர வேறு எது வந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே பேச வேண்டும். அந்தத் தாள் நோயை உறுதி செய்யாது. டாக்டரிடம் போகலாமா என்று யோசிப்பவருக்கு ஒரு பிடி கொடுக்கும், அவ்வளவுதான்.

ஆனால் நம் பக்கத்தில் மனசின் பிரச்சினை மனசு வழியாக வருவது குறைவு. உடம்பு வழியாகத்தான் வரும். "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு யாரும் டாக்டரிடம் போவதில்லை. தலை பாரமாக இருக்கிறது, வயிற்றைப் பிசைகிறது, கை கால் குடைகிறது, நெஞ்சு படபடவென்று வருகிறது, தூக்கம் பிடிக்கவில்லை என்றுதான் போகிறோம். ஆம்பளைகளுக்கு இன்னொரு வேஷம் உண்டு: கோபம். எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுவது, ஒரு குவார்ட்டர் இரண்டாவது, கடையைச் சீக்கிரம் சாத்துவது. வீட்டில் எல்லாரும் குடியைத்தான் திட்டுவார்கள். குடிக்கு அடியில் கிடப்பதை யாரும் பார்ப்பதில்லை. பிளஸ் டூ, நீட் பிள்ளைகளிடம் அது வயிற்று வலியாகவும் லீவாகவும் வரும். பிரசவமான பெண்களிடம் பிள்ளை மேல் பாசமே வரவில்லையே என்கிற குற்ற உணர்வாக வரும். "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டுப் பெரியவர்கள் தள்ளிவிடுவார்கள். முதல் சில நாள் அழுகை அநேகமாகத் தானே போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் தள்ளக்கூடாது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்கள் நூறு பேரில் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலக் கோளாறு அப்போது இருந்தது தெரியவந்தது. நோய்க்கு நோய் மாறினாலும், 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையிலேயே இல்லை. கீழமாசி வீதியில் நூறு பேரை நிறுத்தினால் பத்துப் பேர், அதில் ஏழெட்டுப் பேராவது வெளியே சொல்லாமல் மூட்டை தூக்கிக்கொண்டும் பில் போட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

படி 2: உடம்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்

தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு, சர்க்கரை. இவையும் மனச்சோர்வு போலவும் பதட்டம் போலவும் நடிக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் முடிந்துவிடும். நெஞ்சு வலி என்றால் முதலில் இருதயத்தைத்தான் பார்க்க வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. நான் செய்த தப்பு முதல் இ.சி.ஜி. எடுத்ததில் இல்லை. நான்காவது இ.சி.ஜி. எடுத்ததில்.

படி 3: காத்திருக்கக் கூடாதவை

சில நிலைமைகளுக்குக் கவுன்சலிங் முதல் மருந்து இல்லை. யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, எல்லாரும் சேர்ந்து தனக்கு ஏதோ செய்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது, நாலைந்து நாள் தூங்காமலே உற்சாகமாகக் கடன் வாங்கி அள்ளி இறைப்பது, சாப்பாடு தண்ணீரை அடியோடு நிறுத்துவது. இவற்றுக்கு நேராக மனநல மருத்துவர். பேசிப் பேசி இவற்றைச் சரிசெய்ய முடியாது.

தினமும் பலமாகக் குடிப்பவரை "இன்னைலேருந்து தொடக்கூடாது" என்று சத்தியம் வாங்கி அறையில் பூட்டுவதும் ஆபத்து. திடீரென நிறுத்தினால் கை நடுக்கத்தில் ஆரம்பித்து வலிப்பு வரைக்கும் போகலாம், உயிருக்கே உலை வைக்கலாம். மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும்.

அடுத்தது, தற்கொலை எண்ணம். "கேட்டால் அந்த நினைப்பை நாமே தூண்டிவிடுவோமோ" என்று பயப்படுகிறோம். தூண்டாது. நேராகக் கேட்கலாம்: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்கப்பட்டவர் அநேகமாக அழுவார், அல்லது ஒரு பெருமூச்சு விடுவார். அதுவரை அதைத் தனியாகத்தானே தூக்கிக்கொண்டிருந்தார். ஆமாம் என்று சொன்னால் அவரைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் உள்ள பூச்சிமருந்து, மாத்திரை டப்பாக்களை அப்புறப்படுத்துங்கள். 14416-க்குப் போன் செய்யுங்கள். அது டெலி மானஸ், 2022-இல் தொடங்கிய அரசு சேவை. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டுவிட்டால் பேச்சே வேண்டாம், 108.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸாகிவிடும்" என்று தயங்கி நேரத்தைக் கடத்தும் குடும்பங்கள் இன்னமும் உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 (நடைமுறைக்கு வந்தது 2018 மே 29) தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது. அவரைத் தண்டிக்கச் சொல்லவில்லை, சிகிச்சை கொடுக்கச் சொல்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆவது பிரிவும் இல்லை. உயிரைப் பாருங்கள், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

படி 4: யார் யார், என்ன செய்வார்கள்

போர்டுகளைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். வேறுபாடு இதுதான்.

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதன்மேல் மனநலத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். படித்தவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார். கூட்டம் அதிகம் உள்ள இடத்தில் உங்களுக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

மருத்துவ உளவியலாளர் டாக்டர் இல்லை, மருந்து எழுத மாட்டார். எம்.பில். போன்ற பயிற்சி முடித்து இந்திய மறுவாழ்வுக் கழகத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்திருப்பார். சோதனைகள் செய்வார், முறையான பேச்சு சிகிச்சை கொடுப்பார். பதிவு எண்ணைக் கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார். நினைத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஆலோசகர், அதாவது கவுன்சிலர். இங்கேதான் கவனம் வேண்டும். உளவியலிலோ சமூகப்பணியிலோ முதுகலை முடித்து, பல வருடம் பயிற்சியோடு அருமையாக வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு வாரக் கோர்ஸ் முடித்துவிட்டு போர்டு மாட்டியவர்களும் இருக்கிறார்கள். என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள், எனக்கு மருந்து தேவைப்பட்டால் யாரிடம் அனுப்புவீர்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றாவதற்குப் பதில் இல்லாதவரிடம் போகாதீர்கள். மூன்று சிட்டிங்கில் முழுக் குணம் என்பவர், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், கூடவே கல்லோ பொடியோ விற்பவர் ஆகியோரிடமிருந்தும் ஒதுங்கிவிடுங்கள்.

படி 5: மதுரையில் எங்கே

கையில் காசு இல்லையென்றால் முதல் இடம் பெரியாஸ்பத்திரிதான். அரசு இராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய சீட்டுகள், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, கூட ஓர் ஆள், ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோங்கள், காத்திருக்க வேண்டியிருக்கும். மருந்தும் அங்கேயே இலவசம். திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி பக்கம் இருப்பவர்கள் மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் எந்தக் கிழமை தங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்று கேட்டுவிட்டுப் போனால் பஸ் செலவு மிச்சம்.

எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை 1992 முதல் மதுரையில் மனநலச் சேவை செய்கிறது. நீண்ட கால மனநோய் உள்ளவர்களின் மறுவாழ்வில் அவர்களுக்கு நெடிய அனுபவம் உண்டு. தனியார் மருத்துவர்கள் கே.கே. நகர், அண்ணா நகர் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் முதலில் தங்கள் கல்லூரியிலேயே ஆலோசகர் உண்டா என்று விசாரியுங்கள். எங்கே போவதென்றே தெரியவில்லையா, சரி, 14416-இல் ஆரம்பியுங்கள்.

தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடுவோமோ என்கிற பயம் எனக்கும் இருந்தது. முதல் நாள் மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன். உள்ளே காத்திருந்தவர்களில் ஒருவர் எங்கள் வீதியிலேயே மிளகாய் வத்தல் மண்டி வைத்திருப்பவர். அவரும் மாஸ்க். ஒருவரை ஒருவர் பார்த்து, இரண்டு பேருமே சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

படி 6: முதல் நாள்

போவதற்கு முந்தின நாள் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது ஆரம்பித்தது, என்னென்ன செய்கிறது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா. நேரில் போனதும் பாதி மறந்துபோகும்.

நான் போன அறையில் இரண்டு நாற்காலி, ஒரு டீப்பாய், அதன்மேல் டிஷ்யூ டப்பா, சுவரில் கடிகாரம். ஆலோசகர் என்னைவிடச் சின்ன வயசுப் பெண். "இந்தப் பிள்ளை நமக்கு என்ன சொல்லப்போகுது" என்று நினைத்தேன். அவர் எதுவுமே சொல்லவில்லை. "சொல்லுங்க சார், என்ன நடந்துச்சு" என்று கேட்டுவிட்டு, நாற்பத்தைந்து நிமிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். நடுநடுவே ஒரு கேள்வி: "அப்ப மனசுல என்ன ஓடுச்சு?" நான் வியாபாரக் கணக்கெல்லாம் சொன்னேன், தம்பியோடு பாகம் பிரித்ததைச் சொன்னேன். முடிகிற நேரத்தில் எதற்கென்று தெரியாமல் அப்பா இறந்ததைச் சொல்லி அழுதேன். அப்பாவுக்கு மாரடைப்பு வந்ததும் சாயங்கால டிராபிக்கில்தான், நான் பைக்கில் வைத்துக் கொண்டுபோகும்போது. அதை அதுவரை நான் பாலத்தோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை.

நீங்கள் சொல்வது வெளியே போகாது. 2017-ஆம் ஆண்டுச் சட்டமே நோயாளியின் தகவலை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்பது போன்ற சில நிலைமைகளில் மட்டும் விதிவிலக்கு உண்டு. நல்ல ஆலோசகர் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். மருமகளை அழைத்து வரும் மாமியாரும், மகனை அழைத்து வரும் அப்பாவும் "உள்ளே என்ன சொன்னான்?" என்று வெளியில் நின்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பதில் சொல்லாத ஆலோசகர்தான் நல்ல ஆலோசகர்.

படி 7: அப்புறம் அங்கே என்னதான் நடக்கிறது?

கவுன்சலிங் என்றால் புத்தி சொல்வார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நம் ஊரில் புத்திமதிக்குப் பஞ்சமே கிடையாது. டீக்கடையில் கேட்டால் நாலு பேர் சொல்வார்கள். "மனசத் தைரியமா வச்சுக்க", "எதையும் நினைக்காத", "உனக்கு என்ன குறை". இதெல்லாம் கேட்டுக் கேட்டுத்தானே நான்கு மாதம் ஓடியது! தைரியமாக இருக்கத் தெரிந்தால் இருந்திருக்க மாட்டேனா?

இரண்டாவது வாரம் ஆலோசகர் ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டினார். பயம் வந்தால் உடம்பு அட்ரினலினைச் சுரக்கும், நெஞ்சு வேகமாக அடிக்கும். நெஞ்சு அடிப்பதைக் கவனித்ததும் "மாரடைப்பு" என்று மனசு சொல்லும். உடனே பயம் இன்னும் கூடும், மூச்சு வேகமாகும். வேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அதனால்தான் விரல் மரத்துப்போவதும் தலை கிறுகிறுப்பதும். அதைப் பார்த்து மறுபடியும் பயம். இப்படியே சுற்றும். ஆனால் சும்மா விட்டால், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அப்புறம் தானாக இறங்கிவிடும். எனக்கு இது புதுச் செய்தி. இறங்கும்வரை நான் ஒரு தடவைகூட இருந்து பார்த்ததில்லை. ஓடிவிடுவேன். ஓடியதால் பிழைத்தேன் என்று மனசு கணக்கு எழுதிக்கொள்ளும்.

இந்த முறைக்குச் சிபிடி, அதாவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர். 1960-களில் ஆரோன் பெக் என்கிற அமெரிக்க மனநல மருத்துவர் உருவாக்கியது. என் வீட்டுப்பாடம் ஒரு நாற்பது பக்க நோட்டு. நாலு கட்டம்: எப்போது, எங்கே, மனசில் என்ன ஓடியது, கடைசியில் உண்மையில் என்ன ஆனது. கடைப் பேரேடு மாதிரியே இருந்ததால் எனக்கு எழுத வசதியாக இருந்தது. மூன்றாவது கட்டத்தில் பதினோரு தடவை "சாகப்போகிறேன்" என்று இருந்தது. நான்காவது கட்டத்தில் பதினோரு தடவை "வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்".

அப்புறம் பாலம். இருதயத்தில் ஒன்றுமில்லை என்று டாக்டரே சொல்லியிருந்ததால் ஆலோசகர் துணிந்து ஆரம்பித்தார். பயத்துக்கு நூற்றுக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டு ஓர் ஏணி தயார் செய்தோம். காலை ஐந்தரைக்கு யானைக்கல் முனையில் நின்று பாலத்தைப் பார்ப்பது, 30. கால்வாசி நடந்து திரும்புவது, 45. அக்கரை வரை நடப்பது, 55. ஞாயிறு காலை ஸ்கூட்டரில் கடப்பது, 65. மத்தியானத்தில், 75. சாயங்காலம் ஆறு மணிக்கு, 95. விதி ஒன்றே ஒன்று: பயம் உச்சத்தில் இருக்கும்போது இடத்தைவிட்டு நகரக்கூடாது. பாதியாகக் குறையும்வரை நின்றுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

முதல் நாள் ஐந்தரை மணிக்கு நின்றேன். கீழே வைகையில் தண்ணீரைவிட ஆகாயத்தாமரைதான் அதிகம். ஒரு பால்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். இருபது நிமிடத்தில் 30 என்பது 10 ஆனது. அவ்வளவுதான், வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரே படியை நாலு நாள் செய்தேன். சலித்துப்போன பிறகுதான் அடுத்த படி. சலிப்பு வந்தால் நல்லது என்பார் ஆலோசகர்.

ஐந்தாவது வாரத்தில் அவர் என் சட்டைப் பையைக் காட்டி, "அதுல என்ன சார்?" என்றார். நாக்குக்கு அடியில் வைக்கும் மாரடைப்பு மாத்திரை. யாரும் எனக்கு எழுதிக் கொடுக்காதது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, பர்ஸ் மாதிரி கூடவே வைத்திருந்தேன். ஒருநாளும் போட்டதில்லை. "இதை வீட்டுல வச்சுட்டு வந்தா எத்தனை மார்க்?" என்று கேட்டார். 95 என்றேன். ஆறு மணிப் பாலத்துக்குச் சமம். அந்த அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வருவதற்கு எனக்குப் பாலத்தைவிட அதிக நாள் பிடித்தது. சித்திரைத் திருவிழாவுக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. அந்த வருடம் அழகர் ஆற்றில் இறங்கியதை டி.வி.யில்தான் பார்த்தேன்.

எல்லாருக்கும் இதே வைத்தியம் கிடையாது. மனச்சோர்வில் படுத்துக் கிடப்பவருக்கு ஏணி வேறு. எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, தன் மகள் கல்யாணம் முடிந்த பிறகு எழுந்திருப்பதையே விட்டுவிட்டார். அவருக்கு ஆலோசகர் முதல் வாரம் கேட்டது ஒன்றே ஒன்று: காலை ஆறு மணிக்கு வாசலில் ஒரு கோலம், நாலு புள்ளி போதும். "மனசு வந்தா போடுறேன்" என்றாராம் அக்கா. மனசு வராமலே போடச் சொன்னாராம் ஆலோசகர். மனசு நல்லானால் எழுந்திருக்கலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. எழுந்திருந்தால் மனசு பின்னால் மெதுவாக வரும் என்பதுதான் அந்தச் சிகிச்சையின் கணக்கு. திரும்பத் திரும்பக் கை கழுவுவது, பூட்டை இருபது தடவை இழுத்துப் பார்ப்பது போன்ற ஓசிடிக்கு, கழுவாமல் இருந்து அந்த உறுத்தலைத் தாங்கிப் பழகும் பயிற்சி. புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசுவார்கள். துக்கத்துக்கு, பேசவிடுவதே பாதிச் சிகிச்சை.

படி 8: மாத்திரை

எனக்கும் மாத்திரை கொடுத்தார்கள். மிதமான பிரச்சினைக்குப் பேச்சு சிகிச்சை மட்டுமே போதுமாக இருக்கலாம், கடுமையானதற்கு இரண்டும் சேர்ந்தால் நல்லது. மனச்சோர்வு மாத்திரைகள் பாரசிட்டமால் மாதிரி போட்டவுடன் கேட்காது. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். ஆனால் குமட்டல், வாய் உலர்தல் போன்ற தொந்தரவு முதல் வாரமே வந்துவிடும். அதனால்தான் பலர் பத்தாம் நாள் "இது எனக்கு ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றுவார். நன்றாகிவிட்டது என்று நாமே நிறுத்துவதும் கூடாது. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

"ஒருதரம் ஆரம்பிச்சா அடிமையாகிடுவோம்" என்பது மனச்சோர்வு மாத்திரைகள் விஷயத்தில் சரியல்ல. ஆனால் அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற தூக்க, பதட்ட மாத்திரைகளில் அந்தப் பயம் நியாயம். டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் சாப்பிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சீட்டில் வாங்கிச் சாப்பிடவே சாப்பிடாதீர்கள்.

படி 9: வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

குறைவாகப் பேசுங்கள். "உன்னைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனை பேரு" என்ற வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டாலே பாதி உதவி. அதற்குப் பதிலாக, "நாளைக்கு டாக்டர்கிட்ட நானும் வரவா?" என்று கேட்கலாம். என் மனைவி செய்தது இதுதான்: பாலத்தில் நடக்கும் நாட்களில் கூட வரவில்லை, வர வேண்டாம் என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். நான் திரும்பி வந்ததும், "இன்னைக்கு எத்தனை?" என்று மட்டும் கேட்பாள். 40 என்பேன். காபி வரும்.

கோயிலுக்குப் போவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாண்டி கோயிலில் பொங்கல் வைப்பதோ, தர்காவில் தண்ணீர் ஓதி வாங்குவதோ மனசுக்குத் தெம்பு தருமென்றால் தாராளமாகச் செய்யுங்கள். எந்த டாக்டரும் தடுக்க மாட்டார். மாத்திரையை நிறுத்தினால்தான் சாமி கேட்கும் என்று ஒரு கோடாங்கி சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். அடிப்பது, பட்டினி போடுவது, கட்டிப்போடுவது எதற்கும் இடம் கொடுக்காதீர்கள். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களும் குணமாகும் என்று நம்பி வந்த குடும்பங்கள்தான். இப்போது மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைச் சட்டமே தடை செய்கிறது.

படி 10: செலவும் காலமும்

பொதுவாக வாரம் ஒருமுறை, 45 முதல் 50 நிமிடம். சிபிடி என்றால் எட்டிலிருந்து இருபது தடவை வரை ஆகலாம். எனக்குப் பதினான்கு. தனியாரில் கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும், முன்பணமாக மொத்தமாகக் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி இன்சூரன்ஸ் கம்பெனிகள் உடல் நோய்க்குக் கொடுக்கும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும். ஆனால் படுத்து சிகிச்சை எடுத்தால்தான் பல பாலிசிகள் பணம் கொடுக்கும், வாரா வாரம் பேசிவிட்டு வருவதற்குக் கிடைக்காமல் போகலாம். பாலிசியைப் படித்துப் பாருங்கள்.

மூன்று நாலு தடவை போன பிறகும் ஆலோசகரோடு ஒட்டவில்லை என்றால் மாற்றலாம். தையல்காரரை மாற்றுகிறோம், இதில் என்ன கூச்சம். ஆனால் முதல் தடவை அழுதுவிட்டு வந்து, வெட்கத்தில் இரண்டாம் தடவை போகாமல் இருப்பது வேறு. அதற்கு ஆலோசகரை மாற்றுவதில் பலனில்லை.

திரும்பவும் வரலாம். அதற்கும் ஒரு தாள் போட்டு வைத்தோம்: தூக்கம் மூன்று நாள் தொடர்ந்து கெட்டால், சுற்றுவழியில் போகத் தோன்றினால், சட்டைப் பையில் மாத்திரை தேடினால் போன் செய்ய வேண்டும். போன தீபாவளிக்கு முந்தின வாரம், கடையில் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது, ஓபுளா படித்துறை வழியாகப் போய்விடலாமா என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அன்றைக்கே போன் செய்தேன். வியாழக்கிழமை நாலு மணிக்கு வரச் சொன்னார்கள். பாலம் வழியாகத்தான் போனேன், 50 இருந்தது.